அம்மாவின் கருவிழிப் புண்: ரிப்போர்ட்டில் 'ஆர்' போட்ட மருந்தையே தொடரச் சொல்கிறார் டாக்டர், சரியா?

செல்வா_மணப்பாறை:

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. போன செவ்வாய்க்கிழமை உளுந்து தூற்றும்போது வலது கண்ணில் தூசி பட்டது. மாட்டுக்கு வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரையே அள்ளிக் கழுவியிருக்கிறார். ராத்திரியே கண் சிவந்துவிட்டது. மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் போட்டதில் சிவப்பு குறைந்த மாதிரிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. பச்சைப் பீளை. கருவிழியில் மிளகு அளவுக்கு வெள்ளை. அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு "பூ விழுந்துருச்சுடா" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

திருச்சியில் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மரத்துப்போக சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். பூஞ்சை இல்லை, பாக்டீரியா என்று அன்றைக்கே சொன்னார்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் ஒரு சொட்டு, அவர்களே வீரியம் கூட்டிக் கலந்து கொடுத்த டோப்ராமைசின் ஒரு சொட்டு, இரண்டும் மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. நானும் தங்கையும் முறைவைத்து அலாரம் வைத்துப் போட்டோம்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. மாக்ஸிஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஜென்டமைசின் மூன்றுக்கும் 'ஆர்', அதாவது கிருமி மசியாது. டோப்ராமைசின், அமிகாசின், செஃப்டாசிடிம் 'எஸ்', அதாவது கட்டுப்படும். டாக்டர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்துவிட்டு, "புண் ஓரம் அடங்குது, ரெண்டையும் தொடருங்க" என்கிறார். கிருமிக்கு வேலை செய்யாது என்று அவர்கள் லேபே எழுதிக் கொடுத்த மருந்தை ஏன் ஊற்ற வேண்டும்? கேட்கத் தயக்கமாக இருந்தது, வெளியே 40 பேர் நின்றார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன், 2023இல் அங்கே சொட்டு மருந்தால் பலருக்குக் கண் போனதே, அதுவும் இதே சூடோமோனாஸ்தான் என்று செய்தி அனுப்பிப் பயமுறுத்துகிறான். இது அதுதானா?

காவிரிக்கரை:

'ஆர்' என்றால் வேலை செய்யாது, அவ்வளவுதான் தம்பி. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரைப் பாருங்கள். என் மாமனாருக்கு மூன்று வாரம் இழுத்துக் கடைசியில் கண்ணே போய்விட்டது.

லேப்_அக்கா:

காவிரிக்கரை சார், கோபப்படாதீர்கள், அது அவ்வளவுதான் இல்லை. கண் மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் லேபில் 26 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அந்த 'ஆர்', 'எஸ்' எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தவள்.

செல்வா தம்பி, அந்த எழுத்து எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளப்போம். இத்தனைக்குக் கீழே என்றால் 'ஆர்'. அந்த 'இத்தனை' என்கிற கோடு கண்ணை நினைத்துப் போட்டதில்லை. மாத்திரையோ ஊசியோ போட்டால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேரும் என்பதைக் கணக்கில் வைத்துப் போட்டது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 400 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் உச்சமாகவே மில்லிக்கு 4, 5 மைக்ரோகிராம்தான் இருக்கும். உங்கள் கையில் இருக்கும் 0.5 சதவீதச் சொட்டில் மில்லிக்கு 5,000. ரத்தத்தில் கிடைக்கும் அளவுக்கு அசையாத கிருமி இந்த அளவில் செத்தும் போகலாம். ஆனால் கண்ணீர் அதைச் சில நிமிஷத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ராத்திரி அலாரம்.

அதற்காக 'ஆர்' சும்மா என்று நான் சொல்லவில்லை. கருவிழிப் புண்ணில் ஸ்டீராய்டு உதவுமா என்று 2006 முதல் 2010 வரை 500 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெரும்பாலும் நம் அரவிந்த் மருத்துவமனைகளில்தான். எல்லோருக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் கொடுத்தார்கள். எந்தக் கிருமியை அடக்க அதிக மருந்து தேவைப்பட்டதோ, அந்தக் கண்களில் தழும்பு பெரிதாக இருந்தது. ஆகவே எதிர்ப்பு இருந்தால் ஆறுவது மெதுவாகும், தழும்பு கூடும். உங்கள் அம்மா விஷயத்தில் பாரத்தை டோப்ராமைசின் இழுக்கிறது என்பது என் ஊகம். ஓரம் அடங்குகிறது என்று டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். சூடோமோனாஸ் புண் கட்டுப்படாவிட்டால் ஒரே நாளில் கருவிழி கரைய ஆரம்பிக்கும், நான்கு நாள் காத்திருக்காது. எங்கள் லேபிலிருந்து 'ஆர்' என்று போன் செய்தாலும் பெரிய டாக்டர்கள் முதலில் கேட்பது "கண் எப்படி இருக்கு?" என்றுதான். அடங்குகிற புண்ணுக்கு மருந்தை மாற்ற மாட்டார்கள். அடுத்த தடவை போகும்போது தயங்காமல் கேளுங்கள்: "மோசமானா அடுத்து செஃப்டாசிடிமா, சார்?" பதில் சொல்வார்.

அமெரிக்க விஷயம்: அது மருந்துச் சொட்டுகூட இல்லை, கண் வறட்சிக்குப் போடும் செயற்கைக் கண்ணீர். 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள், 4 பேர் இறந்தார்கள். தயாரித்த ஆலை நம் தமிழ்நாட்டில் இருந்தது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பல தடவை திறந்து மூடும் புட்டியில் கிருமி வளராமல் காக்கும் பொருளே சேர்க்கவில்லை. ஆலையில் கிருமிநீக்கக் கட்டுப்பாடும் சரியில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை கண்டது. அந்த ரகம் டோப்ராமைசின், அமிகாசின், செஃப்டாசிடிம் எதற்கும் மசியாது. செஃபிடெரோகால் என்ற புது மருந்துக்குத்தான் கட்டுப்பட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் மூன்றுக்கும் 'எஸ்' இருக்கிறதே. பெயர் ஒன்று, ரகம் வேறு. மாமா பையனிடம் சொல்லுங்கள்.

தொட்டித் தண்ணீர்தான் எனக்கு உறுத்துகிறது. சூடோமோனாஸுக்கு ஈரம் இருந்தால் போதும், எங்கேயும் குடியிருக்கும். தட்டில் வளர்ந்தால் பச்சை நிறம், மூடியைத் திறந்தால் திராட்சை வாசனை. பத்தாவது வருஷத்துக்கு அப்புறம் நான் திராட்சை ஜூஸே குடித்ததில்லை.

ஒரு கேள்வி: அத்தை வாங்கிக் கொடுத்தது என்ன சொட்டு? புட்டி இருக்கிறதா?

செல்வா_மணப்பாறை:

அக்கா, ரொம்ப நன்றி. இப்போதுதான் மூச்சு வந்தது. புட்டி பிரிட்ஜ் மேலே இருந்தது. மாக்ஸிஃப்ளாக்ஸசினோடு டெக்ஸாமெத்தசோன் என்று போட்டிருக்கிறது. பெயரின் கடைசியில் 'டி'. இந்த இரண்டு நாள் மருந்தால்தான் கிருமிக்கு எதிர்ப்பு வந்ததா? அத்தை ஒரே புலம்பல்.

லேப்_அக்கா:

அந்த 'டி'யைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அது அடக்கும். கிருமி பாட்டுக்கு உள்ளே வேலை பார்க்கும். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது என்றீர்களே, அது இதனால்தான். அம்மாவுக்கு இருந்தது பூஞ்சையாக இருந்திருந்தால் இந்நேரம் கதையே வேறு. மதுரையில் 1994இல் மூன்று மாதம் வந்த 434 கருவிழிப் புண்களைச் சோதித்தபோது, கிருமி வளர்ந்தவற்றில் ஏறக்குறைய பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. வயலில் தூசி பட்ட கண்ணுக்குக் கடையில் ஸ்டீராய்டு கொடுப்பது பூவா தலையா போடுவதுதான். நான் சொன்ன 500 பேர் ஆய்விலும், பாக்டீரியாதான் என்று லேப் உறுதி செய்து, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் போட்ட பிறகே ஸ்டீராய்டைத் தொட்டார்கள். அப்படியும் மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நோக்கார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்குத் தழும்பு பெரிதாகவே ஆனது.

எதிர்ப்பு விஷயத்தில் அத்தையைத் திட்டாதீர்கள். இரண்டு நாளில் கிருமி பாடம் படித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏற்கெனவே அப்படிப்பட்ட ரகமாக இருந்திருக்கலாம். சூடோமோனாஸ் உள்ளே வந்த மருந்தைக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைப்பது போல வெளியே தள்ளும். நடப்பது என்னவென்றால், அரைகுறையாகப் போடும் மருந்தில் சாதுவானது சாகும், முரடு தங்கும். அதே ஆய்வில், வருவதற்கு முன்பே மாக்ஸிஃப்ளாக்ஸசின் குடும்பத்துச் சொட்டைப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கிருமியை அடக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து தேவைப்பட்டது. கடைசியாக நான் இருந்த வருஷங்களில் முதல் நாளே சொட்டுப் போட்டுக்கொண்டு வருபவர்களின் தட்டில் பல நேரம் ஒன்றும் வளராது. கிருமி பாதி செத்திருக்கும், எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அது இன்னொரு தலைவலி.

கிராமச்_செவிலி:

குறுக்கே வருகிறேன். கண்ணில் உரசல் பட்டதும், புண்ணாவதற்கு முன்னால், என்ன செய்வது என்று எங்களிடம் கேட்பவர்கள் அதிகம். நேபாளத்தில் பக்தபூரில் கிராமத் தொண்டர்களை வைத்து ஒன்று செய்தார்கள். கருவிழி உரசிய 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு 1 சதவீத குளோராம்ஃபெனிகால் களிம்பு, மூன்று வேளை, மூன்று நாள். 442 பேரில் 96 சதவீதம் பேருக்குச் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத கூட்டம் அதில் இல்லை, அதனால் நான் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் பழைய, மலிவான களிம்பு, ஸ்டீராய்டு இல்லை, நேரத்தோடு பார்த்தார்கள் என்பது பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் இன்னமும் நந்தியாவட்டைப் பூவைப் பிழிகிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள்.

காவிரிக்கரை:

லேப் அக்கா, மாமனாருக்கும் அந்த 'டி' சொட்டுதான் போட்டோம். இப்போதுதான் புரிகிறது. தம்பி, நான் முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள்.

செல்வா_மணப்பாறை:

இன்று வியாழன். போய் வந்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன் அக்கா. "ஆமா, மோசமானா செஃப்டாசிடிம். இப்ப தேவையில்லை" என்றார். வெள்ளை சுருங்கியிருக்கிறது, கண்ணுக்குள் தேங்கியிருந்த சீழ் மட்டம் இறங்கிவிட்டது. இனி இரண்டு மணிக்கு ஒரு தடவை. நடுவில் கொஞ்சம் தழும்பு நிற்கும் என்றும் சொன்னார். அம்மா விரல்களை எண்ணிக் காட்டினார்.

நேற்று இங்கே நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. டோப்ராமைசின் பிரிட்ஜில்தான் இருந்தது. போடலாமா?

லேப்_அக்கா:

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கலந்து கொடுத்தவர்கள் புட்டியில் தேதி எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள். தாண்டியிருந்தாலோ கலங்கலாக இருந்தாலோ கொட்டிவிட்டுப் புதிது கேளுங்கள். இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷம் விடுங்கள். புட்டி முனை இமையில் பட வேண்டாம். அந்த 'டி' புட்டியை அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.