குடியைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்: பக்கத்துல இருந்து பார்த்தவங்க சொல்றது

வியாசர்பாடி அக்கா:

என் தம்பி பெயிண்டர். காலையில ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் பிரஷ் பிடிக்கிற கை ஆடாம நிக்கும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும்ங்கிறதால ராத்திரியே குவார்ட்டர் வாங்கி பரண்ல ஒளிச்சு வைப்பான். பொண்ணோட மஞ்சள் நீராட்டுல குடிச்சிட்டு வந்து சபையில அசிங்கமாப் போச்சு. அதுக்கப்புறம் இனிமே குடிக்க மாட்டேன்னு அவனாவே கோயிலுக்குப் போய் கயிறு கட்டிக்கிட்டு வந்தான். வீடே சந்தோஷப்பட்டுச்சு.

மறுநாளே டம்ளரைப் பிடிக்க முடியல. வேர்த்துக் கொட்டுது. "கெட்டது வெளியேறுது, விடுங்க"ன்னாங்க அக்கம்பக்கத்துல. சோறு இறங்கலைன்னு தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம், தெம்புக்கு குளுகோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. குடிக்கிற ஆளான்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

மூணாவது ராத்திரி, எழுந்து நின்னு சுவத்துக்குப் பட்டி பார்க்கிறான். கையில ஒண்ணும் இல்ல. இல்லாத டப்பாவுல இருந்து பட்டியை வழிச்சு, மேலேருந்து கீழ இழுக்கிறான். நடுநடுவுல சுவத்துல ஏதோ பூச்சி ஓடுற மாதிரி தட்டி விடுறான். என்னைப் பார்த்து, "டேய், மேஸ்திரி வந்துடுவாரு, ஏணியைப் பிடிடா"ங்கிறான்.

அம்மா பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை தேடினாங்க. என் வீட்டுக்காரர் ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஸ்டான்லிக்கு ஓட்டினாரு. டியூட்டி டாக்டர் முதல்ல கேட்டதே, "கடைசியா எப்போ குடிச்சாரு?" வருஷக்கணக்கா குடிக்கிறவங்க உடம்புல பி1 சத்து வத்திப் போயிருக்கும், அதைக் கொடுக்காம வெறும் குளுகோஸ் ஏத்தினா மூளையே பாதிக்கலாம்னு சொல்லி, அந்த ஊசியைத்தான் முதல்ல போட்டாங்க. பிழைச்சான்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற நர்ஸ்:

இது பேயும் இல்ல, நடிப்பும் இல்ல. சாராயம் மூளையை அமுக்கி வைக்கும். மூளை அதை எதிர்த்துத் தள்ளிக்கிட்டே பழகிடும். குடி சட்டுனு நின்னுட்டா, அமுக்க ஆள் இல்லாம அந்தத் தள்ளல் மட்டும் நிக்கும். முதல் சில மணி நேரத்துல நடுக்கம், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். வைத்தியம் பார்க்காம விட்டா உயிர் போகும். 2020 மார்ச்ல ஊரடங்குன்னு கடையை மூடினப்போ இப்படி எத்தனை பேர் வந்தாங்க! மாலை போடுற சீசன்லயும் பார்த்திருக்கேன். எல்லாக் குடிகாரருக்கும் இப்படி ஆகாது. ஆனா காலையில குடிச்சாத்தான் கை நிக்கும்ங்கிற நிலை வந்துட்டா, வீட்டுல வெச்சு நிறுத்தவே கூடாது.

கொளத்தூர்க்காரி:

கயிறைக் குறை சொல்லாதீங்க அக்கா. எங்க மாமனார் கயிறு கட்டித்தான் விட்டாரு. என் வீட்டுக்காரருக்கு அது நிக்கல. ஒருத்தர் "சாப்பாட்டுல தெரியாம கலந்து கொடு"ன்னு பொடி ஒண்ணு விக்கிறாரு. வாங்கலாமா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற நர்ஸ்:

வேணாம்மா, சத்தியமா வேணாம். அதுல என்ன இருக்குன்னே தெரியாது. டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும், பிரஷர் விழும். டாக்டர் எழுதிக் கொடுத்து, குடிக்கிறவரும் சம்மதிச்சுப் போட வேண்டியது அது. ஒருவேளை அந்தப் பொடியில அது கலந்திருந்து, தெரியாம கொடுத்து அவர் ஒரு குவார்ட்டர் அடிச்சாருன்னா இதயமே தாங்காது. இந்திரா நகர்ல டிடிகே மருத்துவமனை இருக்கு. குடியால கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல ஆரம்பிச்சது. அங்க வீட்டாளுங்களுக்கும் தனியா ஆலோசனை உண்டு, நீயும் போ. போக யோசனையா இருந்தா முதல்ல அரசாங்கத்தோட போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் போட்டுப் பேசு, காசு இல்ல.

வியாசர்பாடி அக்கா:

கயிறு வேணாம்னு நான் சொல்லல கண்ணு. என் தம்பி கையில இன்னும் அது இருக்கு. ஆஸ்பத்திரியில ஊசி போடறப்பகூட நர்ஸம்மா அதை அவுக்கல. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் ஒரு தடவை திரும்பக் குடிச்சான், மறுபடி நாங்களே கூட்டிட்டுப் போனோம். இப்போ வேலைக்குப் போறான். உன் வீட்டுக்காரரை முதல் தடவை கூட்டிட்டுப் போறப்போ துணை வேணும்னா சொல்லு, நான் வர்றேன்.