"தோணி"யில் தெற்கே போனபோது சந்தித்தவர்கள்

பயணத்தில் வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றி இந்த இழையில் எல்லாரும் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே வந்தேன். ரயில், மலையேற்றம், மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து என் பங்கு இது.

நானும் என் வீட்டுக்காரரும் அக்டோபர் கடைசியில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து எங்கள் சொந்தப் படகில் கிளம்பினோம். ஆறு வாரம் கழித்து இப்போது ஃப்ளோரிடாவில் செயின்ட் அகஸ்டினில் மிதவையில் கட்டிக்கொண்டு நிற்கிறோம். கிட்டத்தட்ட 780 மைல். படகு 36 அடி, ஒரே டீசல் எஞ்சின், மணிக்கு ஏழு கடல் மைல் வேகம். இந்த வகைப் படகுக்கு இங்கே ட்ராலர் என்று பேர். தூத்துக்குடிக்காரர்கள் உடனே இழுவலை விசைப்படகை நினைப்பீர்கள். உடல்வாகு அதுதான், மீன் அறை இருக்க வேண்டிய இடத்தில் படுக்கையும் அடுப்பும் இருக்கும்.

படகுக்குப் பேர் "தோணி". என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்த்தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர். வேறு பேர் எனக்குத் தோன்றவே இல்லை. சுக்கான் என் கையில், கயிறும் நங்கூரமும் வீட்டுக்காரர் கையில். அவர் பொள்ளாச்சிக்காரர், கல்யாணத்துக்கு முன் கடலை மெரினாவில் நின்று பார்த்ததோடு சரி.

நாங்கள் வந்த பாதை அட்லாண்டிக் கரையை ஒட்டிய உள்நீர்வழி. ஆறு, கழிமுகம், காயல் இவற்றையெல்லாம் கால்வாய்களால் கோத்து, பெரும்பாலும் திறந்த கடலுக்குள் போகாமலே மயாமி வரை போகலாம். நார்ஃபோக்கில் மைல் 0. வழிக்குறிகளில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணமோ சதுரமோ இருந்தால் நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் சந்திப்பு இரண்டாம் நாளே. டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் வழியாகப் போக முடிவு செய்திருந்தோம். 1793இல் வெட்டத் தொடங்கி 1805இல் திறந்தது. நுழைவாயிலில் டீப் கிரீக் என்ற நீர்ப்பூட்டு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீர் நிரப்பினால் படகு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதும் சத்தம். நிஜமான சங்கு. பூட்டுக் காவலர் கரையில் நின்று ஊதுகிறார்! பஹாமாஸ் போய்த் திரும்பும் படகுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த சங்குகள் அவர் தோட்டத்து ஓரமெல்லாம் கிடக்கின்றன. என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. அவர் ஊரில் சங்கு என்றால் சாவு வீடு. நானோ சங்குகுளிப்பவர்கள் தெருவில் வளர்ந்தவள். அப்பா கொடுத்த எங்கள் மன்னார்க் கடல் சங்கு சமையல் அலமாரியில் இருந்தது. எடுத்து நானும் ஊதினேன். பூட்டுக் காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை ஊதச் சொன்னார். அவர்கள் சங்கு பெரிய வாய் விரிந்து ரோஜா நிறம், நம்முடையது வெள்ளையாக, கனமாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், பூட்டு நிரம்பியதே தெரியவில்லை.

அந்தக் கால்வாயைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. தண்ணீர் கடுந்தேநீர் நிறம். சதுப்புநில மரங்களின் துவர்ப்பு இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 22 மைலையும் வெட்டியவர்கள் அடிமைகள், இடுப்பளவு சேற்றில் நின்று. அங்கே படகோட்டிய மோசஸ் கிராண்டி என்பவர் தன் விடுதலைக்கு 600 டாலர் கட்டினார். பணத்தை வாங்கிக்கொண்ட எசமான் ஏமாற்றினார். மறுபடி கட்டினார், மறுபடி ஏமாற்று. மூன்றாம் முறை கட்டித்தான் விடுதலை கிடைத்தது. அதே தண்ணீரில் நாங்கள் உல்லாசமாகப் போகிறோம் என்பது அன்று முழுக்க மனதில் இருந்தது. அதிகம் பேசவில்லை இருவரும்.

அடுத்தது எலிசபெத் சிட்டி. இங்கே ஊர்ப் படித்துறையில் படகைக் கட்ட இரண்டு நாள் காசு கிடையாது. 1983இல் ஃப்ரெட் ஃபியரிங், ஜோ கிரேமர் என்று இரண்டு நண்பர்கள், வந்திறங்கும் படகுகளில் இருக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கத் தொடங்கினார்கள். பூ கிரேமர் வீட்டுத் தோட்டத்துப் பூ. இருவரும் இன்று இல்லை. நாங்கள் போன நேரம் காற்று குறுக்கே தள்ளியது. மூன்றாம் முறையும் துறையை அணைக்க முடியவில்லை, என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அப்போது நடை போய்க்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி ஓடிவந்து ஆளுக்கொரு கயிற்றை வாங்கினார்கள். அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். அணியத்துக் கயிற்றை, அதாவது படகின் முன்முனைக் கயிற்றை, கட்டையில் ஒரே சுற்றில் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, படகில் வாழ்ந்தவர் என்று. பத்து வருஷம் முன்பு படகை விற்றுவிட்டார்களாம். "மாலையில் இந்தப் பக்கம்தான் நடப்போம், யாராவது கயிறு எறிவார்கள்" என்றார்.

ஆல்பமார்ல் சவுண்ட் என்ற காயலைக் கடந்த நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆழமில்லாத அகன்ற நீர், காற்று வந்தால் குட்டை குட்டையாகச் செங்குத்து அலை, வீட்டுக்காரர் காலையில் தின்ற இட்லி தங்கவில்லை.

வட கரோலினாவில் ஒரு வாரம் காத்திருந்தோம். சூறாவளிக் காலத்தை வைத்து எங்கள் காப்பீடு நவம்பருக்கு முன் அதற்குத் தெற்கே போக விடாது. அந்த வாரத்தில்தான் மற்றப் படகுக்காரர்களோடு பழக்கம். இங்கே ஆளின் பேரைவிடப் படகின் பேர்தான் நினைவில் நிற்கும். பின்னால் வேகமாக வரும் படகு ரேடியோவில் கூப்பிட்டு, மெதுவாகக் கடக்கிறேன் என்று சொல்லும். நாமும் வேகத்தைக் குறைத்தால்தான் அவர்களும் அலை எழுப்பாமல் போக முடியும். எங்களை எல்லாரும் "டோனி, டோனி" என்று கூப்பிட்டார்கள். தாத்தாவின் தொழில் பேர் இப்படிக் கடல்கடந்து ஒலிப்பது எனக்குப் பிடித்திருந்தது, திருத்தவில்லை.

இப்போது நான் எழுத வந்த சந்திப்புக்கு வருகிறேன்.

ஜார்ஜியாவின் கரை உள்வாங்கி வளைந்திருக்கும். கடல் ஏறும்போது அந்த வளைவுக்குள் தண்ணீர் குவிந்து, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏழெட்டு அடி வித்தியாசம் வரும். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் இது என் கைக்குப் பழகாத கணக்கு. டோபாய் சவுண்டுக்குத் தெற்கே லிட்டில் மட் ரிவர் என்று ஒரு வாய்க்கால், பேரே சொல்கிறது. தண்ணீர் ஏறும்போதுதான் அதில் போக வேண்டும். அன்று காலை மூடுபனி, பல மணி நேரம் தாமதம். காத்திருந்து மறுநாள் போயிருக்க வேண்டும். நான்தான் போகலாம் என்றேன். வற்றம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் படகு சேற்றில் நின்றது.

எஞ்சினை முழு வேகத்தில் பின்னுக்குக் கொடுத்தேன். சேறுதான் கிளம்பியது. அப்போது ஒரு சின்ன நண்டுப்படகு வந்தது. தனி ஆள், அறுபது வயதிருக்கும், கறுப்பினத்தவர். முதலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். "சேற்றை உறிஞ்சிக் குளிர்ப்பான் அடைத்துவிடும் அம்மா. தண்ணீர் போனது, தண்ணீர் வரும்." பிறகு எங்கள் நங்கூரத்தைத் தன் படகில் வாங்கிக்கொண்டு, வாய்க்காலின் ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். ஏற்றம் திரும்பும்போது நீரோட்டம் படகை இன்னும் மேட்டில் தள்ளாமல் இருக்க அது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துபோனேன்.

கயிற்றைக் கொடுக்கக் குனிந்தபோது அவர் படகில் ஒரு வீச்சுவலை கிடந்தது. கடையில் வாங்கியதில்லை, கையால் பின்னியது. கேட்டேன். அம்மா வழி சப்பெலோ தீவாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் வாழும் தீவு. வலை பின்ன தாத்தா கற்றுக்கொடுத்தார் என்றார். என் அப்பாவும் பின்னுவார் என்றேன். நம்பாத மாதிரி சிரித்துவிட்டு, பெட்டியிலிருந்து வலையூசியை எடுத்து நீட்டினார். மரத்தில் செதுக்கியது. நூல் சுற்றியிருந்த விதம், நடுவில் நாக்கு விட்டிருந்த விதம், அப்படியே எங்கள் வீட்டு ஊசி.

படகோடு படகைக் கட்டிக்கொண்டு, வற்றிய வாய்க்காலில் இருபுறமும் சேற்று மேடும் கோரைப்புல்லும் நிற்க, நான் அவர் வலையின் ஓரத்தில் நாலு கண்ணி போட்டேன். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது. அவர் விரலால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை வாங்கி அடுத்த கண்ணியை அவர் போட்டார், மெதுவாக, நான் பார்க்கும்படி. சுருக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது, மற்றபடி ஒரே முடிச்சு. என் வீட்டுக்காரர் படம் எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது, அப்பாவை நினைத்து.

அப்புறம் அவர் தன் நண்டுக் கூடுகளைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஏறும்போது, நாங்கள் மிதக்கிறோமா என்று பார்ப்பதற்காகவே திரும்பி வந்தார். ஒரு வாளி நீலநண்டு கொடுத்தார். காசு வாங்கவே இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீயை மட்டும் இரண்டு குவளை வாங்கிக் குடித்தார். நான் போட்ட நாலு கண்ணியை அவர் பிரிக்கவில்லை.

செயின்ட் மேரிஸ் ஊரில் நன்றி நவிலல் நாள் விருந்து. ஊர்க்காரர்கள் வான்கோழி சமைப்பார்கள், படகுக்காரர்கள் தொடுகறி கொண்டுபோக வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலான வழக்கம். எலுமிச்சைச் சாதம் கிண்டிக் கொண்டுபோனேன். தாளிப்பில் கிடந்த கடலைப்பருப்பை எல்லாரும் என்ன கொட்டை என்று கேட்டார்கள். பாத்திரம் காலி.

உங்களில் வேறு யாராவது படகில் போயிருந்தால் எழுதுங்கள்.

*மறுமொழி: டொரொண்டோவிலிருந்து*

அக்கா, வலையூசிப் பகுதியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் வல்வெட்டித்துறைக்காரர். எங்களிடம் 28 அடிப் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. மூன்று கோடைக்கு முன் ஒன்டாரியோ ஏரியைக் கடந்து, ஒஸ்வீகோவில் பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைத்து, ஈரிக் கால்வாய், ஹட்சன் ஆறு, நியூயார்க், கேப் காட் கால்வாய் என்று மாசச்சூசெட்ஸில் குளோஸ்டர் வரை போனோம். கால்வாய்ப் பாலங்கள் தணிவு, மரத்தை நிறுத்தியபடி போக ஏலாது.

ஏன் குளோஸ்டர் என்றால், எங்கள் ஊரில் கட்டிய "அன்னபூரணி" பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, "ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்" என்று பேர் மாற்றினார். வல்வெட்டித்துறை ஆட்களே அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஆகஸ்டில் குளோஸ்டரில் சேர்த்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அந்தத் துறையை நாங்களும் தண்ணீர் வழியாகவே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அங்கே படகுத்துறையில் ஒரு வயதான மீனவரோடு கதைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு இந்தக் கதை தெரியாது. முழுவதையும் கேட்டார். பிறகு ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, "முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லுங்கள், இவன் கேட்க வேண்டும்" என்றார். மனைவிதான் இரண்டாம் முறை சொன்னா, எனக்குக் குரல் வரவில்லை.

*மறுமொழி: மதுரையிலிருந்து*

ராத்திரி எங்கே தங்குவீர்கள்? ஆள் இல்லாத இடத்தில் இரண்டு பேர் மட்டும், பயமாக இருக்காதா அக்கா?

*பதிவர்*

மதுரைத் தம்பிக்கு: பெரும்பாலும் ஓடைகளில் நங்கூரம் போட்டுத்தான். அன்றைய முழு ஏற்றத்தின் ஆழத்தைக் கணக்கிட்டு, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவோம். முதல் வாரம் ராத்திரியில் நாலு முறை எழுந்து பார்ப்பேன். ஜார்ஜியாவில் ஒரு விடியற்காலை சத்தம் கேட்டு ஓடிவந்தால், நாலு ஓங்கில்கள் (டால்பின்கள்) மீன் கூட்டத்தைச் சேற்று மேட்டில் விரட்டி ஏற்றி, தாங்களும் வலப்பக்கமாகச் சாய்ந்து கரையேறித் தின்றுகொண்டிருந்தன. அதற்கப்புறம் சத்தம் கேட்டால் ஆசையாகத்தான் எழுந்திருக்கிறேன்.

டொரொண்டோ தம்பிக்கு: நேற்று அப்பாவுக்குப் போன் போட்டு அன்னபூரணியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பாய்மரம், என்ன மரத்தில் கட்டினார்கள், தண்டல் யார் என்று அரை மணி நேரம் கேள்வி. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எழுதியதுதான். அவர் நம்பரைத் தனிமடலில் அனுப்புகிறேன், பேசுங்கள். ஏப்ரலில் வடக்கே திரும்புகிறோம். நார்ஃபோக்கோடு நிறுத்துவதாக இருந்தோம். குளோஸ்டரில் எந்தப் படகுத்துறை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.