பழைய பேஸ்பால் வீரர் ராஸ் பார்ன்ஸுக்குப் பேஸ்பால் புகழ் அரங்கத்தில் இடம் உண்டா, இல்லையா?

பழையமட்டை: "பார்ன்ஸ் ஒரே தந்திரத்தால் பெயர் வாங்கியவர், விதி மாறியதும் காணாமல் போனார்" என்று கோட்டுக்காவலர் நேற்று போகிற போக்கில் எழுதிவிட்டார். 1876, நேஷனல் லீக்கின் முதல் ஆண்டு. சிகாகோ அணிக்கு ஆடிய பார்ன்ஸின் மட்டை சராசரி (மட்டை பிடித்த முறைகளில் வெற்றி அடிகளின் பங்கு) 0.429. இரண்டாம் இடத்து ஜார்ஜ் ஹாலுக்கு 0.366. பார்ன்ஸ் 66 ஆட்டங்களில் 126 ரன். லீக்கின் முதல் ஹோம் ரன்னும் அவருடையதுதான். இவருக்குக் கூப்பர்ஸ்டவுன் புகழ் அரங்கத்தில் இடமில்லையாம்!

கோட்டுக்காவலர்: அந்த 0.429 எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். பந்தைக் கீழ்நோக்கி வெட்டி அடிப்பார். பந்து எல்லைக் கோட்டுக்கு உள்ளே தரையில் ஒரு குத்து, பிறகு சுழன்றுகொண்டு வெளியே ஓட்டம். முதல் குத்து உள்ளே விழுந்தால் போதும் என்பது அன்றைய விதி. தடுப்பவர் துரத்திப் பிடிப்பதற்குள் ஐயா பேஸில் நிற்பார். 1877-இல் அதைச் செல்லாது என்றார்கள். சராசரி 0.272!

பழையமட்டை: அந்த ஆண்டு அவர் ஆடியதே 22 ஆட்டங்கள். குளிர்காய்ச்சலில் விழுந்தார். ஆடாத நாட்களுக்கான சம்பளத்தை அணி பிடித்துக்கொண்டது. வழக்குப் போட்டும் தோற்றார். இதையெல்லாம் மறைத்துவிட்டு 0.272 என்று கூவுவது என்ன நியாயம்?

கோட்டுக்காவலர்: 1879-இலும் காய்ச்சலா? 0.266. 1881-இலும் காய்ச்சலா? 0.271.

நடுமேடை: முதலில், மேஜர் லீக்கில், அதாவது உயர்மட்ட லீக்கில், பத்துப் பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்ற அரங்கத்தின் பத்தாண்டு நிபந்தனையைப் பேசுவோமா? நேஷனல் லீக்குக்கு முன்பு, 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷன் என்ற லீக்கை மேஜர் லீக்காகக் கொள்வதா, வேண்டாமா?

பழையமட்டை: அதெல்லாம் அப்புறம். வெட்டடி எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்ட அடி. மற்றவர்கள் கையை யார் கட்டிப்போட்டார்கள்? கேண்டி கம்மிங்ஸ் வளைபந்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்லி 1939-இல் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பந்தெறிபவர் செய்தால் கண்டுபிடிப்பு, மட்டைக்காரர் செய்தால் தந்திரமா?

கோட்டுக்காவலர்: வளைபந்தை இன்றும் எறிகிறார்கள். உங்கள் வெட்டடியை யார் அடிக்கிறார்கள்?

டாலன்தாசன்: பார்ன்ஸை விடுங்கள். இன்னொரு பழைய வீரர் பில் டாலன் 2012 அரங்க வாக்கெடுப்பில் 16-க்கு 10 வாக்கு வாங்கி, தேவைக்கு இரண்டே வாக்குக் குறைந்து வெளியே நிற்கிறார். அவருக்காக இங்கே ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பழையமட்டை: எந்தப் பேச்சிலும் டாலனைக் கொண்டுவந்து நுழைப்பதே உங்களுக்கு வேலை. 1876-இல் பாஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு நால்வர் சேர்ந்து போனார்கள். ஸ்பால்டிங் 1939-இலேயே அரங்கத்தில். டீக்கன் ஒயிட் 2013-இல். பார்ன்ஸும் மெக்வேயும் மட்டும் வெளியே. பத்தாண்டு, பத்தாண்டு என்கிற நடுமேடைக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஒன்பதே பருவங்கள் விளையாடி இறந்துபோன ஆடி ஜாஸ் என்ற பந்தெறிபவருக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்தி, 1978-இல் சேர்த்தார்கள். பார்ன்ஸும் அசோசியேஷனைச் சேர்த்தால் ஒன்பது பருவங்கள் ஆடியவர்தான்.

நடுமேடை: சேர்ப்பதா என்பதுதானே என் கேள்வி?

கோட்டுக்காவலர்: ஜாஸ் செத்துப்போனார். பார்ன்ஸ் 1881-இல் உயிரோடு களத்தில் நின்று 0.271 அடித்தார். வித்தியாசம் தெரியவில்லையா?

டாலன்தாசன்: நான் வாய் திறந்தால் மட்டும் நுழைப்பதா? போன மாதம் ஹாரி ஸ்டோவி என்ற வேறொரு பழைய வீரரைப் பற்றிய பேச்சில் பார்ன்ஸை இழுத்து வந்தவர் யார்?

பழையமட்டை: அங்கே பொருத்தம் இருந்தது. கோட்டுக்காவலரே, 1872, 1873 இரண்டு ஆண்டிலும் 0.400-க்கு மேல் அடித்தாரே, அத்தனையும் வெட்டடிதானா? ஆட்டம் ஆட்டமாகக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கோட்டுக்காவலர்: வெட்டடி இல்லை என்று நீங்கள் காட்டுங்கள். 0.272.

பழையமட்டை: 22 ஆட்டங்கள்!