அதிவேகச் சூடேற்றத்தில் வெப்பக் கடத்தல் கெழு குறைவாக வருகிறது: உதவி தேவை

அணு உலையில் திறன் திடீரென உயரும் நிலையைப் படிப்பதற்காக, 1 மி.மீ. விட்டமுள்ள பிளாட்டினக் கம்பியைக் குறுக்கே பாயும் நீரில் (வேகம் 0.2 மீ/விநாடி, வெப்பநிலை 25 டிகிரி) வைத்து, மின்திறனை அடுக்குக்குறி முறையில் உயர்த்திச் சூடேற்றுகிறோம். திறன் 2.718 மடங்காவதற்கு ஆகும் நேரத்தை ஏற்றக் காலம் என்கிறேன்.

ஏற்றக் காலம் 2 விநாடியாக இருக்கும்போது கிடைக்கும் கெழு (கம்பி நீரைவிட ஒரு டிகிரி சூடாக இருக்கும்போது, அதன் பரப்பில் ஒரு ச.மீ. வழியே விநாடிக்கு நீருக்குச் செல்லும் வெப்பம்), நிலைத்த ஓட்டத்துக்கான மதிப்போடு (ஏறத்தாழ 9,000 வாட்/ச.மீ.கெல்வின்) நன்றாகப் பொருந்துகிறது. 20 மில்லி விநாடியிலோ அது 9,000-ஐயும் எட்டுவதில்லை. நீரின் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றின் பெருக்கலை ஏற்றக் காலத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஓட்டமே இல்லாத நீரில்கூட 11,000-க்கு மேல் வர வேண்டும். ஆகவே எங்கள் அளவீடு இயற்பியல்படி சாத்தியமற்றது. சனவரி முதல் இதே நிலைதான்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்தோம், கம்பியின் வெப்பநிலையை அதன் மின்தடையிலிருந்து அறிவதால் அந்த மின்தடையைப் பனிக்கட்டி நீரில் சரிபார்த்தோம், நீரில் கரைந்த காற்றை நீக்கினோம், கொதிநிலையை நெருங்காமல் வெப்பநிலை ஏற்றத்தை 40 டிகிரிக்குள் நிறுத்தினோம். எதிலும் மாற்றமில்லை.

என் ஐயம் கம்பியிலேயே தேங்கும் வெப்பத்தின் மீதுதான். 20 மில்லி விநாடியில் அது நீருக்குச் செல்வதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம்; மின்திறனிலிருந்து அதைக் கழித்தே கெழுவைக் கணக்கிடுவதால், அதில் நேரும் சிறு பிழையும் கெழுவில் பெருகித் தெரியும்.

கம்பியை மாற்றாமல், அதில் தேங்கும் வெப்பத்தைத் தனியே அளந்து கழிக்க நம்பகமான வழி எது?