புதுப்பிப்பு: சந்தா இல்லாமல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இந்த இணைய விளையாட்டில் சந்தா கட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். எல்வார்க் டிராகனை வீழ்த்திவிட்டேன்! லம்பிரிட்ஜ் கோட்டையில் பிரபு இலவசமாகத் தரும், டிராகன் நெருப்பைத் தடுக்கும் கேடயத்தை மறந்து, அது வாழும் கிராண்டோர் தீவில் இறங்காதீர்கள், கருகிவிடுவீர்கள். அதை வீழ்த்தியதால் இனி ரூன் என்ற உலோகத்தாலான மார்புக் கவசம் அணியலாம்.

விளையாட்டுக்குள் தங்கம் சேர்த்து, அங்குள்ள சந்தையில் பாண்டு என்ற சந்தாச் சீட்டை வாங்கினால் 14 நாள் உறுப்பினராகலாம் (சந்தா கட்டியவர் போல ஆடலாம்) என்று பலர் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் சந்தையில் ஒரே நேரத்தில் வாங்க, விற்க உறுப்பினர்களுக்கு 8 இடங்கள், நமக்கு 3 மட்டுமே. பாண்டுக்கான தங்கத்துக்காக நாள் முழுக்க யூ மரம் வெட்டுவது சம்பளமில்லாத உத்தியோகம், எனக்கு வேண்டாம்.

இப்போது எட்ஜ்வில் நிலவறையில் மலை அரக்கர்களை அடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களின் தலைவனான ஓபோரிடம் போகச் சாவி வேண்டும். சராசரியாக 128 அரக்கர்களுக்கு ஒன்றுதான் விழுமாம். எனக்கு இன்னும் எலும்புகள்தான்.