பரணில் ஒருவன் ஒளிந்திருந்தால் வீட்டாருக்குத் தெரியாமல் போகுமா?

கேள்வி: அனோரதா வீதிக்காரி, யாங்கோன், மியான்மர்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் கொலைகாரன் காட்டிலோ பாழடைந்த பங்களாவிலோ பதுங்குவதில்லை; ஆள் புழங்கும் வீடுகளில் பதுங்குகிறான். சில வாரங்கள் தங்கி, வீட்டாரின் பழக்கவழக்கங்களை மனப்பாடம் செய்து, ஒருவரைக் கொன்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறான். கதை நடப்பது 2014-இல், எங்கள் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில்.

இந்தப் பக்கத்து வீடுகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில் பெட்டிபோல நீளமாக இருக்கும். வெளிச்சம் முன்னும் பின்னும்தான். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு வாசலில் இரும்புக் கதவு, உள்ளே பூட்டு. கூரை உயரம் என்பதால் பாதி அறைக்கு மேலே பலகை அடித்துப் பரண் கட்டியிருப்பார்கள். டிரங்குப் பெட்டி, கொலுப் பொம்மை, தாத்தா காலத்துப் பித்தளை அண்டா எல்லாம் அங்கே கிடக்கும். மாதக்கணக்கில் யாரும் ஏறமாட்டார்கள். அவன் இருப்பது அங்கேதான்.

வீட்டில் மாமியார், மகன், மருமகள், பத்து வயதுப் பெண். வரைவைப் படித்த என் தம்பி கேட்டான்: "நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருவன் சோறு தின்று, தண்ணீர் குடித்து, ஒரு மாதம் இருப்பானாம், ஒருவருக்கும் தெரியாதாமா அக்கா?" நியாயமான கேள்வி. அதற்காக அவனை மாயாவியாக்க எனக்கு மனம் வரவில்லை. நம்பும்படி இதை எப்படி எழுதுவது? இன்னொன்று: இடையிடையே அவன் குரலிலேயே அத்தியாயங்கள் வைத்திருக்கிறேன். சிறுவயதில் அவன் பட்ட கொடுமைகள் அதில் வருகின்றன. அவை வேண்டுமா?

பதில்: மோல்மீன் ஆசிரியர்

மகளே, இது உலகில் நடந்த சங்கதிதான். அமெரிக்காவின் டென்வர் நகரில் 1941 அக்டோபரில் பிலிப் பீட்டர்ஸ் என்ற முதியவர் தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கதவுகள் உள்ளே பூட்டியபடி இருந்தன. அலமாரி அறையின் மேற்கூரையில் பரணுக்குப் போகும் சிறு திறப்பு இருந்தது. அதில் ஆள் நுழைய முடியாது என்று போலீஸ் விட்டுவிட்டது. கொன்ற தியோடர் கோனீஸ் அதற்கு மேலேதான் இருந்தான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் இரவில் சத்தம் கேட்டார்கள். பேய் வீடு என்று வேலைக்காரி போய்விட்டாள். பிறகு மனைவியும் வெளியேறினார். 1942 ஜூலையில்தான் அவன் பிடிபட்டான்.

ஜெர்மனியின் பவேரியாவில், ஹின்டர்கைஃபெக் பண்ணையில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1922 மார்ச் 31 இரவு ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன், பனியில் வீட்டை நோக்கி வந்த காலடித் தடங்களைப் பெரியவர் பார்த்திருக்கிறார். திரும்பிப் போன தடம் இல்லை. அக்கம்பக்கத்தில் சொன்னார், போலீசிடம் போகவில்லை. உன் தம்பிக்கு அந்தப் பெரியவரைக் காட்டு. தெரியாமல் இருந்தவர் அல்லர் அவர். தெரிந்ததை வெளியே கொண்டுபோகாமல் இருந்தவர்.

பதில்: தன்லின் அக்கா

தங்கை, ஆசிரியர் ஐயா கடைசியாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். உன் வீட்டில் தடயம் தினமும் கிடைக்கட்டும். நாலு பேரும் நாலு காரணம் சொல்லட்டும். பானையில் சோறு குறைந்தால், மருமகள் தன் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள் என்று மாமியார் நினைப்பாள். மாமியாருக்கு மறதி வந்துவிட்டது என்று மருமகள் நினைப்பாள். காசு குறைந்தால் இருவரும் மகனைப் பார்ப்பார்கள். குழந்தை மட்டும் உண்மையைச் சொல்லும். அதற்கு வேப்பிலை அடிப்பார்கள், காளியம்மன் கோவிலில் கயிறு கட்டி வருவார்கள். வீட்டுக்குள் முன்பே இருந்த பகைதான் அவனுக்குப் போர்வை.

சின்னத் தடயங்களைத் தேர்ந்தெடு. விடியற்காலை, முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டையை யாரும் இன்னும் அரைக்காதபோது அரைக்கும் கல் ஈரமாக இருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் குழம்பு உலரவில்லை. மருமகள் விரலால் தொட்டுப் பார்க்கிறாள். யார் அரைத்தது என்று கேட்கவில்லை, கழுவி வைத்துவிடுகிறாள். எனக்கு இந்த ஒரு பக்கம் போதும், கத்தியே வேண்டாம்.

அடுத்தது முக்கியம். கதை 2014 என்கிறாய். இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று 2012 சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. 2016-இல் நீக்கினார்கள், 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டிக் குடும்பப் பட்டியலோடு ஆளை எண்ணிப் பார்ப்பார்களே, அந்தக் காட்சியை வை. பட்டியலில் நாலு பெயர், பாயில் நாலு பேர். சரி என்று போய்விடுகிறார்கள். மாமியாருக்குச் சந்தேகம் இருந்தும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது ஆள் கிடைத்தால் பதில் சொல்ல வேண்டியவன் அவள் மகன் அல்லவா? கொலைகாரனைக் காப்பாற்றுவது அந்தத் தாயின் பயம்.

பதில்: பாகோ வாசகன்

அக்கா, இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவன் குரலில் வரும் அத்தியாயங்களை எடுத்துவிடுங்கள். அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர் நல்ல மனிதர்களாக வாழ்கிறார்கள். அடி வாங்கியதால் கொன்றான் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மேலும், அவன் பேசத் தொடங்கிய உடனே நமக்கு அவன் இருக்குமிடம் தெரிந்துவிடுகிறது, பரண் காலியாகிவிடுகிறது.

அவன் உணவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறு. நுனியில் கிளிப், மேலே மணி. பகலில் பத்திரிகையும் காய்கறிப் பையும் அதில்தான் ஏறும். இரவு பதினொரு மணிக்கு அவித்த பயறு விற்றுப் போகிறவர் மூன்றாம் மாடிக் கயிறு இறங்குவதைப் பார்க்கிறார். கிளிப்பில் ஐந்நூறு கியாட். மணி அடிக்கவில்லை, நாக்கில் துணி சுற்றியிருக்கிறது. அவருக்கு அது வெறும் வியாபாரம். ஒருநாள் காலையில் மருமகளைப் பார்த்து, "தினமும் இரவு வாங்குகிறீர்களே, பயறு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். வெளியாளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

அனோரதா வீதிக்காரி

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. ஆள் எண்ணும் இரவு கதையின் நடுவில் வருகிறது. பயறுக்காரரின் கேள்விக்கு மருமகள், "நன்றாக இருக்கிறது" என்று சிரித்துவிட்டு மாடி ஏறுவாள். மாமியார்தான் வாங்குகிறாள் என்று அவள் நம்புவாள். அவன் குரலை முழுக்க எடுக்க எனக்குச் சம்மதமில்லை தம்பி. சிறுவயதுக் கதை போகட்டும். வீட்டாரைப் பற்றி அவன் வைத்திருக்கும் கணக்கு மட்டும் இருக்கட்டும்: யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் தூக்கத்தில் பேசுகிறார்கள், யார் யாருக்குத் தெரியாமல் அழுகிறார்கள். அந்த வீட்டில் ஒருவரையொருவர் கவனிக்காதவர்களை அவன் ஒருவன்தான் கவனிக்கிறான்.

தன்லின் அக்கா

அப்படியானால் அந்தக் கணக்கில் குழந்தையின் பெயரை மட்டும் அவன் எழுதாமல் விடட்டும். ஏன் என்று நீயும் சொல்லாதே.