பம்பில் பால் குறைகிறது, அனுபவப்பட்ட அக்காமார் சொல்லுங்கள்

பாம்பனில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு ஏழு வாரம். 35-வது வாரத்திலேயே பிறந்ததால் மார்பில் பிடித்துக் குடிக்கவே இல்லை, முதல் நாளிலிருந்து பம்ப்தான். நாளைக்கு எட்டு முறை எடுத்தபோது 650 மில்லி வந்தது. அப்புறம் அசதியில் ராத்திரி 2 மணிக்கு எடுப்பதை விட்டேன். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. இப்போது 480-ஐத் தாண்டவில்லை. மீதிக்கு டாக்டர் சொன்ன பவுடர் பால் கொடுக்கிறோம், அதற்குத் திட்டாதீர்கள்.

அம்மா பால்சுறாப் புட்டும் காரல் குழம்புமாகத் தருகிறார். ருசிக்குக் குறையில்லை, பால்தான் ஏறக் காணோம். மார்பு காலியாகாமல் சாப்பாடு மட்டும் என்ன செய்யும்?

நேற்றிலிருந்து ராத்திரியும் எடுக்கிறேன். 20 நிமிடம் எடுத்து, 10 விட்டு, 10 எடுத்து, 10 விட்டு, 10 எடுப்பது யாருக்காவது பலித்ததா? எத்தனை நாளில்? காம்பு உரசி வலிக்கிறது. பம்பில் மார்போடு பொருத்தும் புனல் 24 மில்லிமீட்டர். சின்னது மாற்றலாமா, எப்படி அளப்பது?

இன்னொன்று, கரண்ட். 25 டிகிரிக்குள் என்றால் எடுத்த பால் ஃபிரிட்ஜுக்கு வெளியே 4 மணி நேரம் தாங்குமாம். இந்தப் புழுக்கத்தில் 25-க்கு எங்கே போவது? வீட்டில் வள்ளத்துக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டி இருக்கிறது, எத்தனை கழுவினாலும் மீன் வாடை. கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?